பின்னறைத் தும்மல்

செப்டம்பர் 9

டாக்டர் ரெஜினா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். "பிள்ளை எப்போ தும்முறா, எவ்வளவு நேரம், அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டா, எங்க இருந்தா, எல்லாத்தையும் குறிச்சு வைங்க. அடுத்த மாசம் கொண்டு வாங்க" என்றார். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு வரும் கம்பெனிக்காரர் கொடுத்த போன வருஷ டைரி சும்மா கிடந்தது. கிழமை ஒத்துப்போகாது. தேதி போதும்.

காலை 5.50. தும்மல் பதினொன்று. மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகியது. கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டாள். 6.40-க்கு நின்றது. நேற்று இரவு சாப்பிட்டது இரண்டு தோசை, தேங்காய்ச் சட்னி.

பிள்ளை பெயர் சுடர்விழி. வயது பத்து. என் கணவர் செந்தூரபாண்டியின் மகள். அவளைப் பெற்ற கோமதி டெங்குக் காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஆனி மாதம் எனக்கும் இவருக்கும் கல்யாணம் நடந்தபோது மண்டப வாசலில் நின்று சந்தனம் நீட்டியவள் சுடர்தான். அன்றைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

செப்டம்பர் 12

5.45. ஒன்பது. 6.30-க்கு நின்றது.

பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். "இங்க அவ தும்மி நான் பாத்ததே இல்லியே" என்றார் டீச்சர். சாயங்காலம் தெருவில் ஒரு மணி நேரம் ஓடி விளையாடினாள். புழுதி பறந்தது. அவள் மூக்கைத் தொடக்கூட இல்லை.

தெருப் புழுதிக்கு வராத தும்மல், பெருக்கித் துடைத்த வீட்டுக்குள் எப்படி வரும்?

செப்டம்பர் 15

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சுடர் ஏரலில் சித்தி வீட்டில் இருந்தாள். சித்தி என்றால் கோமதியின் தங்கை பகவதி. கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. வீட்டுக்காரருக்கு வாழைக்காய் மண்டி. போனில் அவளே சொன்னாள்.

"ரெண்டு நாளா பிள்ளைக்கு ஒரு தும்மல் கெடையாதுக்கா. பாயில படுத்து நல்லாத் தூங்கி எந்திக்கா. அங்க உங்க வீட்டுலதான் என்னமோ நடக்கு."

அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த ‘என்னமோ’வைச் சொல்லும்போது மட்டும் குரல் வேறாக இருந்தது.

பள்ளியில் இல்லை. தெருவில் இல்லை. ஏரலில் இல்லை. நான் இருக்கும் வீட்டில் மட்டும் இருக்கிறது. டாக்டருக்காக இல்லாமல் எனக்காக ஒரு வரி எழுதிக்கொள்கிறேன்.

சுடர் நடிக்கிறாள்.

செப்டம்பர் 16

6.00. பதினாலு. ஏரலிலிருந்து வந்த மறுநாளே!

செப்டம்பர் 20

யோசித்துப் பார்த்ததில் பின்னறை கொடுத்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது. அதற்கு முன் அப்பாவும் மகளும் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே நடந்தது. முன்னறையில் நான் தனியாக. பத்து வயசுப் பெண்ணுக்குத் தனி இடம் வேண்டும் என்று இவரிடம் மூன்று தடவை சொன்னேன். பின்னறையை ஒழித்து, கட்டில் போட்டு, மெத்தை விரித்து, கரடிப் பொம்மையைத் தலைமாட்டில் வைத்துக் கொடுத்தேன். எந்தச் சின்னம்மா இவ்வளவு செய்வாள்?

அங்கே படுக்க ஆரம்பித்த ஒரு மாதத்தில் தும்மல் வந்தது. இதிலிருந்தே தெரியவில்லையா? அப்பாவை எழுப்பிக் கூப்பிட வேறு என்ன வழி அவளுக்கு? தும்மல் கேட்டால் எழுந்து ஓடுகிறார்.

செப்டம்பர் 27

5.55. பத்து.

காலையில் நான் சத்துமாவுப் பால் கலந்து கொடுப்பேன். மாவு நானே வறுத்துத் திரிப்பது. இன்று பின்பக்கம் துணி துவைக்கப் போனபோது கல்லுக்கு அடியில் மாவுக் கட்டி ஈரமாகக் கிடந்தது. ஊற்றியிருக்கிறாள். இன்றைக்கு மட்டும் ஊற்றியதாகவும் தெரியவில்லை. எறும்பு வரிசை பழகிப் போயிருந்தது.

"பால் குடிச்சியா?" என்றேன்.

"குடிச்சேன் ஆன்ட்டி."

கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

செப்டம்பர் 29

இன்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு கொண்டுபோய் ஊற்றினாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இவர் காதுக்குப் போகும்.

அக்டோபர் 3

இவர் மொட்டை மாடியில் போன் பேசினார். இருபது நிமிஷம். கீழே வந்ததும் யார் என்று கேட்டேன்.

"பகவதி. பிள்ளை எப்பிடி இருக்கான்னு கேட்டா."

"அதுக்கு மாடிக்கு ஏன் போகணும்?"

"கீழ டவர் கெடைக்கல."

கீழே டவர் கிடைக்கிறது.

அக்டோபர் 10

டாக்டரிடம் போனோம். டைரியைக் கொண்டுபோகவில்லை. நேரத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் தனித் தாளில் நகல் எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் எழுந்திரிக்கிற நேரத்துலயே இருக்கே. அலர்ஜி மாதிரிதான் தெரியுது" என்றார். இரவில் ஒரு செட்டிரிசின் மாத்திரை எழுதினார். கேட்கவில்லை என்றால் தோலில் சோதனை செய்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் இவர் கேட்டார், "டைரி எழுதுனியே, அத ஏன் குடுக்கல?"

"கையெழுத்து மோசமா இருக்கு" என்றேன்.

அக்டோபர் 19

மழை பிடித்துவிட்டது. சாரல் அடிக்கிறது என்று பின்னறை ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒட்டி இருப்பதால் அந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது. உப்பளத்தில் வேலை நின்றுபோனது. இவர் அங்கே மேற்பார்வை பார்க்கிறார். குவித்த உப்பு கரையாமல் ஓலை போட்டு மூடும் வேலைக்கு மட்டும் விடியுமுன் போய்விட்டு வருகிறார்.

தும்மல் பதினேழு. மாத்திரை போட்டும். இப்போது இருமலும்.

அக்டோபர் 24



காலை ஐந்தே காலுக்குப் பின்னறையிலிருந்து விசில் மாதிரி சத்தம். நடிப்பு என்று நினைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எழுதப்போவதில்லை. பிறகு போய்ப் பார்த்தேன். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. உதடு வெளுத்திருந்தது. பேச முடியவில்லை. என் நைட்டியைப் பிடித்தாள்.

இவர் உப்பளத்தில் இருந்தார். ஸ்கூட்டரில் அவளை முன்னால் நிற்க வைத்து, ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, மழையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்தை ஆவியாக இழுக்க நெபுலைசர் வைத்தார்கள். மூன்று தடவை வைத்த பிறகுதான் குழி விழுவது நின்றது.

பத்து மணிக்குப் பகவதி வந்தாள். பிள்ளையைப் பார்த்த கையோடு என் பக்கம் திரும்பினாள். நர்சுகள், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னத்தக் கலக்கிக் குடுத்த?"

"பகவதி, வார்த்தைய அளந்து பேசு."

"என்ன அளக்கணும்? மருந்துக் கடையில நிக்கிறவளுக்கு எதுல எவ்வளவு போடணும்னு தெரியாதா? எங்க வீட்டுக்கு வந்தா பிள்ளை நல்லா இருக்கா. இங்க வந்தா மூச்சு நிக்குது. அத்தான், நீங்க வாயத் தொறந்து கேளுங்க."

இவர் அப்போதுதான் வந்திருந்தார். காலில் உப்புச் சேறு. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆஸ்பத்திரியில வச்சு வேண்டாம்" என்றார்.

‘அவ அப்படிப்பட்டவ இல்ல’ என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னார்.

அக்டோபர் 26

டிஸ்சார்ஜ். நீல நிற இன்ஹேலர், மூச்சுத் திணறும்போது. பழுப்பு நிறம், தினமும் இரண்டு வேளை. மருந்து வாயிலேயே தங்காமல் நெஞ்சுக்குள் போவதற்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய். தோல் சோதனை நவம்பர் 9. அதற்கு ஒரு வாரம் முன்பே செட்டிரிசினை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் சோதனையில் ஒன்றும் தெரியாது. இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.

பகவதி இவரிடம் வாசலில் நின்று பேசியது கேட்டது. "டெஸ்ட் முடியட்டும் அத்தான். முடிஞ்சதும் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போயிருதேன். ஏரல்லயும் பள்ளிக்கூடம் இருக்கு."

இவர் என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை.

அக்டோபர் 28

சத்துமாவு டப்பாவில் மாவு குறைந்திருக்கிறது. நான் ஒரு வாரமாகத் தொடவே இல்லை.

நவம்பர் 4

மாத்திரை நிறுத்தி இரண்டு நாள். காலையில் இருபது தும்மல் வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. சுடர் மாத்திரை அட்டையைத் தேடினாள். என் கைப்பையில் வைத்திருந்தேன். "டாக்டர் நிறுத்தச் சொல்லிருக்காங்க" என்றேன். தலையாட்டினாள். மத்தியானமே பகவதி வந்துவிட்டாள். ஏரல் பஸ் ஒன்றரை மணி நேரம். பிள்ளை எப்போது போன் பண்ணியது?

"தும்மித் தும்மிச் சாவுது, மாத்திரைய ஒளிச்சு வச்சிருக்கியாமே?"

டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"உங்க கடைச் சீட்டுல யாரு வேணாலும் எழுதலாம்."

"அது கடைச் சீட்டு இல்ல. டாக்டர் நம்பர் மேல இருக்கு. நீயே போன் பண்ணிக் கேளு."

கேட்டாள். என் முன்னாலேயே, ஸ்பீக்கரில். டாக்டர் ரெஜினா பொறுமையாகச் சொன்னார். பகவதி போனை வைத்தாள். மன்னிப்பு ஒன்றும் இல்லை. "டெஸ்ட் அன்னைக்கு நானும் வருவேன்" என்றாள்.

வரட்டும்.

நவம்பர் 9

எல்லாரும் போனோம். சுடரின் முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து வைத்து, ஊசி நுனியால் லேசாகக் குத்தினார்கள். இருபது நிமிஷம் கையை அசைக்காமல் இருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் அளவுகோலோடு வந்தார். "பால், இல்ல. முட்டை, இல்ல. நிலக்கடலை, கோதுமை, இல்ல. கரப்பான், கொஞ்சமா இருக்கு. இதப் பாருங்க."

ஏழாம் எண்ணில் கொசுக்கடித் தடிப்பைப் போல இரண்டு மடங்கு பெரிதாக வெளுத்துத் தடித்திருந்தது. சுற்றிலும் சிவப்பு.

"தூசி உண்ணி. டஸ்ட் மைட்டுனு சொல்வாங்க. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. நம்ம உடம்புலருந்து உதிர்ற தோலைத் தின்னுட்டு மெத்தை, தலையணை, கம்பளிக்குள்ள இருக்கும். அது கடிக்காது. அதோட எச்சத்தை மூச்சுல இழுக்கிறதுதான் இவளுக்கு ஆகல. நம்ம ஊர் ஈரக் காத்துக்கு அது நல்லாவே பெருகும்."

"அப்ப பள்ளிக்கூடத்துல ஏன் டாக்டர் தும்மல?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல மெத்தையில முகம் பொதைச்சு எட்டு மணி நேரம் படுக்கிறாளா? சித்தி வீட்டுல எதுல படுப்பா?"

"கோரைப் பாய்" என்றாள் பகவதி.

"உங்க வீட்டுல?"

இவர் சொன்னார், "இலவம் பஞ்சு மெத்தை. இவ அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. பதிமூணு வருஷம் இருக்கும். அவ போன பெறகு பரண்லதான் கெடந்துச்சு."

"மூணு வருஷம் பரண்லயா? யார் எறக்கிப் போட்டது?"

"நான்தான்" என்றேன்.

பகவதி எழுந்து நின்றாள். "கேட்டுக்கிடுங்க அத்தான். அவளே சொல்லிட்டா."

டாக்டர் நிமிர்ந்தார். "உக்காருங்கம்மா. பூச்சிய யாரும் கொண்டுவந்து விடல. என் வீட்டு மெத்தையிலயும் இருக்கு, உங்க வீட்டுலயும் இருக்கும். இவ உடம்புக்கு ஆகல, அவ்வளவுதான்."

சுடர் தன் கையில் தடித்த இடத்தைத் தொடாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 10

மெத்தையை இவரும் நானும் தூக்கி மாநகராட்சி வண்டியில் ஏற்றினோம். தலையணைகளையும். தூக்கும்போது தையல் விட்டு ஒரு பக்கம் பஞ்சு கட்டியாக விழுந்தது, காக்கி நிறத்தில். சுடரைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தேன்.

எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். ஜூலையில் இவர் புது மெத்தை தைக்கக் கொடுக்கலாம் என்றார். வர ஒரு வாரம் ஆகும் என்றார். அந்த ஒரு வாரத்தைப் பொறுக்க எனக்கு மனமில்லை. அன்றைக்கே அவளைக் கூடத்திலிருந்து நகர்த்த வேண்டும் என்று நானே ஏணி போட்டு ஏறி அதை இறக்கினேன். தட்டிப் போட்டபோது எனக்கே இருமல் வந்தது.

பத்து வயசுப் பெண்ணுக்குத் தனி இடம் வேண்டும் என்று செப்டம்பரில் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 17

டாக்டர் சொன்னபடி செய்ததைக் குறிக்கிறேன்.

சுடரின் கட்டிலை முன்னறைக்கு மாற்றியாயிற்று. கடல் காற்று நேராக வரும். நாங்கள் இருவரும் பின்னறைக்குப் போய்விட்டோம், பாயில். மெல்லிய புது மெத்தை, நெருக்க நெசவுத் துணியில் ஜிப் வைத்த உறை. தலையணைக்கும் அப்படியே. போர்வை, விரிப்பு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்டாவில் நன்றாகச் சுட்ட வெந்நீரில். வெயிலில் காயப்போட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன், போதாதாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்திவிட்டு ஈரத் துணியால் துடைப்பது, அதுவும் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு. கனத் திரைச்சீலைகள் இறங்கிவிட்டன.

கரடிப் பொம்மையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று கேட்டாள். அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, இரண்டு நாள் ஃபிரீசரில் வைத்துவிட்டு, பிறகு துவைக்கலாம் என்றார் டாக்டர். காலையில் மீன் எடுக்கப் போன இவர் அலறிவிட்டார். சுடர் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 24

6.10. மூன்று தும்மல்.

பகவதி வந்தாள். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். எதைத் தேடினாள் என்று தெரியவில்லை. "பூச்சியாம் பூச்சி" என்று முணுமுணுத்தாள். ஆனால் பிள்ளையைக் கூட்டிப்போகும் பேச்சை இன்று எடுக்கவில்லை. அரையாண்டு லீவுக்கு அனுப்புவதாக இவர் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 30

இன்று ஒன்றுகூட இல்லை.

டிசம்பர் 6

இவருடைய பையில் டிபன் பாக்ஸை எடுக்கக் கையை விட்டேன். பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு கவர். மதுரையில் ஒரு உணவுப் பரிசோதனைக் கூடத்தின் பெயர். உள்ளே ஒரே தாள்.

மாதிரி: சத்துமாவு, பால். பெறப்பட்ட நாள்: அக்டோபர் 29. பூச்சிக்கொல்லி எச்சம்: இல்லை. கன உலோகம்: இல்லை. மருந்துப் பொருட்கள்: கண்டறியப்படவில்லை.

முடிவு அனுப்பிய நாள் நவம்பர் 8. தோல் சோதனைக்கு முந்தின நாள்.

அப்படியே மடித்து வைத்தேன். சோறு வைத்தேன். சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

டிசம்பர் 7

சுடர் பள்ளிக்கூடம் போனதும் தாளை நீட்டினேன். பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பகவதி விடாம சொல்லிட்டே இருந்தா. பிள்ளை ஆஸ்பத்திரியில கெடந்த நேரம். நான் நம்பல செல்வி. ஆனா ஒரு தடவ பாத்துட்டா நிம்மதியா இருக்குமேன்னு..."

"இருந்துச்சா?"

பேசவில்லை.

"இங்க பாருங்க. முப்பத்தாறு வயசுல ஒரு வீடு கெடச்சதுன்னு வந்தேன். தெனமும் நான் போட்டுக் குடுத்த காப்பியத்தான குடிச்சிய. எந்தத் தேதியிலருந்து பயமில்லாமக் குடிச்சிய? அத மட்டும் சொல்லுங்க."

"செல்வி..."

"எட்டாம் தேதியிலருந்தா?"

அழுதார். நான் கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வரை யார் சீட்டு கொடுத்தாலும் இரண்டு தடவை வாசித்துத்தான் மருந்து எடுத்தேன்.

டிசம்பர் 8

இவரைப் பற்றி இன்னும் நாலு பக்கம் எழுத உட்கார்ந்தேன். முதலில் பழசைப் படித்துப் பார்க்கலாம் என்று புரட்டினேன். செப்டம்பர் 15-இல் நான் எழுதின கடைசி வரிக்குக் கீழே பென்சிலில், நான்கு கோடு நோட்டில் எழுதுவது போல நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தது.

நான் நடிக்கல.



டிசம்பர் 9

மாடியில் துணி எடுக்கும்போது அவளும் வந்தாள். கிளிப்புகளைக் கழற்றி என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நானாகக் கேட்டேன்.

"டைரியப் படிச்சியா?"

"ம்."

"எப்போ?"

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கு."

அப்படியென்றால் ஆறு வாரமாகத் தெரிந்துகொண்டே என்னிடம் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். நான் ஸ்பேசரை முகத்தில் வைத்தால் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் அப்பிடி எழுதுனது தப்பு, சுடர். அன்னைக்கு நீ மூச்சுக்குத் தவிக்கும்போதுகூட நான் உடனே வரல. அடுப்படியில நின்னேன்."

"தெரியும். சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"நீங்க டம்ளர வைக்கிற சத்தம். வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள்.

"நானும் பாலக் கீழ ஊத்துனேன் ஆன்ட்டி. நீங்க மருந்துக் கடையிலருந்து எதையோ கொண்டுவந்து கலக்குதீங்கன்னு சித்தி சொன்னாங்க. நான் நம்பல. ஆனா பயமா இருந்துச்சு."

"இப்போ?"

"இப்போ பால் புடிக்கல. காப்பி குடுங்க."

பத்து வயசுக்குக் காப்பி கூடாது என்றேன். அரை டம்ளர் என்றாள். கால் டம்ளரில் முடிந்தது. முன்னால் நின்றே குடித்தாள்.

இவரிடம் இன்னும் நான் சரியாகப் பேசவில்லை. ஆனால் நாலு பக்கம் எழுதும் எண்ணம் போய்விட்டது.

டிசம்பர் 24

அரையாண்டு லீவு. பகவதி வந்து சுடரைக் கூட்டிப்போனாள். இரண்டு இன்ஹேலர், ஸ்பேசர், உறை போட்ட தலையணை, எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தேன். தாளில் எழுதியும் கொடுத்தேன்.

"இவ்வளவும் எதுக்கு? எங்க வீட்டுல அவளுக்கு எதுவும் வராது" என்றாள். தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

பஸ் போகும்வரை நின்றேன். திரும்பி வருவாளா என்ற நினைப்பு வந்தது. அங்கேயே நன்றாக இருந்துவிட்டால்? இவர் சரி என்று சொல்லிவிட்டால்?

டிசம்பர் 27

காலை ஐந்தரைக்கு என் போன் அடித்தது. பகவதி. இவருக்குப் போடாமல் எனக்குப் போட்டிருந்தாள். அவள் பேசுமுன் பின்னால் கேட்ட சத்தம் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விசில்.

"அக்கா... பிள்ளைக்கு இழுக்குதுக்கா. நான் ஒண்ணுமே குடுக்கலக்கா. சத்தியமா ஒண்ணும் குடுக்கல. ராத்திரி இட்லிதான் சாப்பிட்டா, நாங்க சாப்பிட்ட அதே இட்லி... என் மேல..."

"பகவதி, பதறாத. நீ ஒண்ணும் குடுக்கலன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லுததச் செய். பிள்ளைய நிமிந்து உக்கார வை. நீலக் கலர எடு. நல்லா குலுக்கு. ஸ்பேசர்ல மாட்டு. வாயையும் மூக்கையும் மூடி வை. ஒண்ணு அமுக்கு. ஆறு மூச்சு எண்ணு. சத்தமா எண்ணு, எனக்குக் கேக்கணும்."

எண்ணினாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. மறுபடி ஒன்று. மறுபடி ஆறு. நான்கு முறை.

"என்னத்தப் போத்திப் படுத்திருந்தா?"

"மார்கழிக் குளிரா இருக்கேன்னு டிரங்குப் பெட்டியிலருந்து கம்பளி எடுத்துப் போத்துனேன்க்கா. அம்மா காலத்துக் கம்பளி."

"அத வெளிய தூக்கிப் போடு. பிள்ளைய வாசப் பக்கம் கூட்டிட்டு வா. பத்து நிமிஷத்துல அடங்கலன்னா வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிரு, எங்களுக்காக நிக்காத. போனக் கட் பண்ணாத."

ஏழாவது நிமிஷத்தில் விசில் குறைந்தது. ஒன்பதாவது நிமிஷத்தில் சுடரின் குரல் கேட்டது. "ஆன்ட்டி, சித்தி அழுதாங்க. நீங்க வாங்க."

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"ராத்திரி அவ என்ன குடுத்தாளாம் பிள்ளைக்கு?"

"அந்தக் கேள்வியக் கேக்காதிய" என்றேன். "இனிமே யாரப் பத்தியும் கேக்காதிய. வாங்க, ஆறு மணி பஸ்ஸப் புடிப்போம்."

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வழியில் ஒரு தடவை என் கையைப் பிடித்தார். விடவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஏரலில் இறங்கி நடந்தோம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சுடர் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது, மூச்சு சீராக இருந்தது. தெருவோரத்தில் அந்தக் கம்பளி கிடந்தது. பகவதி தலைகூடச் சீவாமல், நான் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டாள்.

"வெந்நீர் போடணும்" என்றேன். "வீட்டுல இருக்குற போர்வை அத்தனையும் நனைக்கணும். அண்டா எங்க இருக்கு?"